வெங்காயக் களத்தில் தேற வேண்டிய இயங்குதளம்

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பக்கம் சேமித்து வைத்த பட்டறையைப் பிரித்துச் சின்ன வெங்காயம் எடை போடும் நாளில், விவசாயியின் கண் தராசில் பாதி, போன் திரையில் பாதி. பணம் ஏறியது தெரிந்த பிறகுதான் மூட்டை வண்டிக்குப் போகும். அந்தப் போனில் ஓடுவது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு. அதற்குப் போட்டியாக இன்னொரு இயங்குதளம் வர வேண்டுமானால், இந்தக் களத்தில் தேறியாக வேண்டும்.

சென்னை ஐஐடியின் பிரவர்த்தக் அமைப்பின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் உருவாக்கிய 'பரோஸ்' இயங்குதளம் 2023 ஜனவரியில் அறிமுகமானது. நம் மண்ணில் பிறந்த முயற்சி என்பதாலேயே அதைக் கறாராகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை எடுத்துக்கொண்டு புதிது என்கிறார்களே என்று அப்போது பலர் குறை சொன்னார்கள். அந்தக் குறை எனக்குப் பெரிதாகப் படவில்லை. சாம்சங்கும் சியோமியும் நிற்பதும் அதே அடித்தளத்தின் மேல்தான்.

பரோஸின் பெரிய பலம், போனில் எந்தச் செயலியையும் முன்கூட்டியே திணிக்காதது. இதன் அருமை பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய போன் பழுது கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் புரியும். "போனு சுத்திக்கிட்டே இருக்கு தம்பி, ஒரு போட்டோ இறங்க மாட்டேங்குது" என்று நீட்டினார் ஒரு அம்மா. கடைப் பையன் அவர் ஒருநாளும் திறக்காத பத்துப் பன்னிரண்டு செயலிகளைக் காட்டினான். "இதெல்லாம் கம்பெனிக்காரன் போட்டு அனுப்புனதுக்கா. அழிக்க முடியாது, அமத்தி வைக்கலாம்." தன் காசு போட்டு வாங்கிய போனில் இடம் அவருக்கு இல்லை. பரோஸ் சரிசெய்ய நினைத்தது இந்த அநியாயத்தைத்தான்.

ஆனால், காலி வீட்டைக் கொடுத்தால் மட்டும் குடித்தனம் நடத்த முடியாது. ஆண்ட்ராய்டு போனில் அறிவிப்பு உடனே வருவதும், தமிழில் பேசினால் எழுத்தாவதும் பெரும்பாலும் கூகுளின் சேவைகளால் நடப்பவை. அவற்றை நீக்கினால், ஒவ்வொரு செயலியும் அறிவிப்புக்காகத் தனித்தனியே விழித்திருந்து பேட்டரியைத் தின்னும். அதைவிடப் பெரிய சிக்கல் பணம். இந்தப் போன் நம்பத்தக்கதா என்று பல வங்கிச் செயலிகள் கேட்பது கூகுளின் சோதனையைத்தான். கூகுள் சான்று இல்லாத இயங்குதளம், எவ்வளவு பாதுகாப்பாக இருந்தாலும், அங்கே தோற்றுவிடும். யுபிஐ ஓடாத போனை வெங்காய விவசாயி வாங்க மாட்டார்.

செயலிகள் துணை நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை முன்பே பார்த்திருக்கிறோம். 2017இல் வந்த ஜியோபோனில் கைஓஎஸ் என்ற இயங்குதளம் ஓடியது. வாட்ஸ்அப் அதில் வந்தது 2018 செப்டம்பரில். 2024 ஜூனுக்குப் பிறகு கைஓஎஸ் போன்களில் அதைப் புதிதாக நிறுவ வழியில்லாமல் போனது. ஒரு செயலி கைவிட்டதும் பட்டன் போனின் மதிப்பு பாதியாகிவிட்டது. 2019இல் கூகுள் சேவைகளை இழந்த ஹுவாவே தன் ஹார்மனிஓஎஸ்ஸோடு சீனாவில் பிழைத்துக்கொண்டது. வீசாட், அலிபே போன்ற சொந்தச் செயலிகள் அங்கே ஏற்கெனவே வேரூன்றி இருந்தன. நமக்கு அந்த வசதி இல்லை. யுபிஐ மட்டும் நம்முடையது. ஆகவே சாவி யுபிஐயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் கையில் இருக்கிறது. போனின் வன்பொருளே தரும் சான்றை வைத்து இயங்குதளத்தைச் சரிபார்க்கும் வழி ஆண்ட்ராய்டிலேயே உண்டு. தணிக்கையில் தேறிய இயங்குதளங்களுக்கு வங்கிகள் அந்தச் சான்றை ஏற்க வேண்டும் என்று கழகம் விதி வகுத்தால், பரோஸ் மட்டுமின்றி எல்லாப் போட்டியாளருக்கும் கதவு திறக்கும். இப்படி விதி வகுக்காமல் அபராதம் மட்டும் போட்டால் போதாது. ஆண்ட்ராய்டு சந்தையில் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதத்தால் கூகுளுக்கு வலித்திருக்கலாம், மாற்று போன் எதுவும் அதனால் அரியலூர்க் கடைக்கு வரவில்லை.

அடுத்தது தமிழ். ஊரில் இருக்கும் என் பெரியம்மா, செய்தி அனுப்பப் பொத்தான் தட்டுவதில்லை, பேசுகிறார். அவருக்குத் தமிழ்க் குரல்வழி எழுத்துதான் இயங்குதளம். இந்திய மொழிகளுக்கான பேச்சறிதலில் உழைக்கும் ஏஐ4பாரத் குழு இருப்பதும் அதே ஐஐடி வளாகத்தில்தான். ஒரே வளாகத்தில் விளைந்த இரண்டையும் சேர்த்து, இணையம் இல்லாத நேரத்திலும் நம் வட்டாரப் பேச்சைப் புரிந்துகொள்ளும் விசைப்பலகையோடு பரோஸ் வந்திருந்தால், ஆண்ட்ராய்டைவிட ஒருபடி மேலே நின்றிருக்கும். அந்த வாய்ப்பைத் தவறவிட்டதுதான் எனக்கு மிகுந்த வருத்தம்.

அரசின் பங்கும் உண்டு. நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி முதல் செயலி வழியே வருகைப்பதிவு கட்டாயமானது. ஏரிக்கரையில் பணித்தளப் பொறுப்பாளர் தொழிலாளர்களை நிற்கவைத்து நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்தார். சுதேசி இயங்குதளம் பற்றிப் பேசும் அரசு, இப்படிக் கட்டாயமாக்கும் செயலிகளையாவது கூகுள் இல்லாத போனிலும் ஓடும்படி எழுத வேண்டும்.

பரோஸ் இப்போதைக்குக் கடும் பாதுகாப்பு தேவைப்படும் நிறுவனங்களுக்கான இயங்குதளம். அந்த வேலைக்கு அது தகுதியானது. மக்கள் போனாக இன்னும் ஆகவில்லை. ஆக்க விரும்பினால், பெரம்பலூர், அரியலூர் மாவட்ட அங்கன்வாடிப் பணியாளர்கள் நூறு பேரிடம், பழைய போனைப் பிடுங்காமல், பரோஸ் போனையும் கொடுத்து ஓராண்டு ஓட்டிப் பாருங்கள். அவர்கள் சொல்லும் குறைகளைத் தமிழிலேயே எழுதி வாங்குங்கள்.