புதைந்ததும் புதைத்ததும்

பொம்பெயி இடிபாடுகளை இத்தாலியர் ‘ஸ்காவி’, அதாவது அகழ்வுகள், என்றே அழைப்பர். செயலின் பெயரே இடத்தின் பெயராயிற்று. குழிவைக் குறிக்கும் அவ்வேரிலேதான் ஆங்கில ‘எக்ஸ்கவேட்’டும் பிறந்தது. ‘எக்ஸ்யூம்’ என்னும் சொல்லோ பிணக்குழியின் வாடையை எளிதில் விடாது. அதன் இத்தாலிய உறவான ‘ரியேசுமாரே’, மறந்துபோன நாடகத்தை மீண்டும் மேடையேற்றுதற்கும் கூச்சமின்றி வழங்கும்.

இத்தாலியத் தந்தைக்கு இலண்டனில் பிறந்த கவிஞர் ரொசெட்டி, 1862-இல் மனைவியின் உடலோடு வைத்துப் புதைத்த தம் கவிதைச் சுவடியை 1869-இல் வெளியே எடுப்பித்தார். (தாம் அவ்விடம் செல்லவில்லை.) மறு ஆண்டே அவற்றுட் சில நூலேறின. இதனைத் தமிழில் ‘அகழ்ந்தெடுத்தார்’ எனப் பெயர்த்தல் பொருந்துமா? பொம்பெயியைப் புதைத்தது எரிமலை. இச்சுவடியைப் புதைத்தவரோ அவரே. மனைவிக்கென்று கொடுத்ததைத் திரும்பப் பெற்ற உறுத்தல் ‘அகழ்தல்’ என்னும் சொல்லில் இல்லை. ‘கல்லறையைத் திறப்பித்தார்’ என்றே எழுதலாம்.