மெதுவாக ஓடும் தண்ணீர்: பெட்டி ஃபில்டரை எப்படி ரசிப்பது

கேரளத்தின் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கைச் சுற்றி எழுந்திருக்கும் அடுக்குமாடி வீடுகளில் ஒரு சிறிய மீன் தொட்டி வைக்க நினைப்பவர், ஃபில்டர் வாங்கப் போனதும் அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்: மணிக்கு இத்தனை லிட்டர். எண் பெரிதாக இருந்தால் ஃபில்டரும் உயர்ந்தது என்பது கணக்கு. அந்தக் கணக்கின்படி கடைசி இடம் காற்றில் ஓடும் பெட்டி ஃபில்டருக்குத்தான். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி, துளையிட்ட மூடி, நடுவே ஒரு குழாய், உள்ளே ஒரு பிடி பஞ்சு. தண்ணீருக்குள் மோட்டார் எதுவும் கிடையாது. வெளியே இருக்கும் ஏர் பம்பிலிருந்து மெல்லிய டியூபைக் கொண்டுவந்து செருகினால் ஓடத் தொடங்கும். விலை குறைவு, பார்வைக்கும் சுமார்தான். ஆனாலும் சிறிய தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான கருவி அரிது என்பதே என் வாதம். எந்த மெதுவான ஓட்டத்துக்காக இதை ஒதுக்குகிறார்களோ, அந்த ஓட்டத்தில்தான் இதன் மதிப்பு இருக்கிறது. அது பிடிபட்டால் இதை ரசிக்கவும் முடியும், மேம்படுத்தவும் முடியும்.

இந்த ஃபில்டரை இன்றும் விடாமல் போற்றுகிறவர்களில் குளிர்நாடுகளில் நியூட் வளர்ப்பவர்கள் முக்கியமானவர்கள். நியூட் என்பது சலமந்தர் வகையைச் சேர்ந்த, வாலுள்ள நீர்நில வாழ்வி. அதன் குஞ்சுகளுக்குத் தலையின் இருபுறமும் இறகு போல விரிந்த செவுள்கள் வெளியே தெரியும். பெரும்பாலான நியூட்கள் இனப்பெருக்கம் செய்வது தேங்கிய நீரில். நம் நாட்டுச் சான்று டார்ஜிலிங் மலைகளில் இருக்கிறது: இமாலய சலமந்தர். நெடுங்காலம் சீனாவின் யுன்னான் பகுதி இனத்தோடு சேர்த்தே எண்ணப்பட்டு, 2015-இல்தான் டைலோடோட்ரைட்டான் ஹிமாலயானஸ் என்ற தனி இனமாக விவரிக்கப்பட்டது. மழைக்காலத்தில் அது தேடிவருவது ஓடையை அல்ல, ஆழமற்ற குளங்களையும் தேங்கிய நீரையும். டார்ஜிலிங்கின் ஜோர்போக்ரி சரணாலயம் பெயர்பெற்றதே இந்த உயிரிக்காகத்தான். இப்படிப்பட்ட விலங்கை மோட்டார் ஃபில்டர் பீய்ச்சும் தண்ணீரில் விட்டால் நாள் முழுவதும் ஓட்டத்தை எதிர்த்தே களைத்துப்போகும். மெல்லிய தோல் வழியாகவும் மூச்சுவிடும் உயிர் என்பதால் அழுக்கு நீரும் அதற்கு ஆகாது. சுத்தமும் வேண்டும், அசைவும் குறைவாக வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தருவதுதான் பெட்டி ஃபில்டரின் சிறப்பு.

கழக்கூட்டத்தில் நியூட் வளர்க்கலாமா என்று கேட்டால், கூடாது என்பதுதான் பதில். இரவிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத ஊர் இது. குளிர்ச்சியை நாடும் அந்த உயிருக்கு இங்கே ஒவ்வொரு நாளும் வாதையாகும். இமாலய சலமந்தரோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பது; தொட்டிக்குக் கொண்டுவரும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அதே நிதானமான நீரைக் கேட்கும் உயிர் இந்த ஊரின் அருகிலேயே இருக்கிறது. கடினங்குளம் காயல் போன்ற உவர்நீர்ப் பரப்புகளுக்கு உரிய பள்ளத்தி, கரிமீனின் சிறிய உறவுக்கார மீன். மஞ்சள் உடம்பில் செம்புள்ளி வரிசையாக ஓடும். தாயும் தந்தையும் சேர்ந்து முட்டையைக் காக்கும், குஞ்சைக் கூட்டமாக நடத்திச் செல்லும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் பெற்றோரின் விலாவில் வந்து வந்து முட்டி, உடம்பில் ஊறும் சளிப்படலத்தைக் கொத்தித் தின்னும். உறிஞ்சும் வேகம் அதிகமான ஃபில்டர் உள்ள தொட்டியில் இந்தக் காட்சி நீடிக்காது. குஞ்சுகள் ஃபில்டருக்குள் போய்விடும். பெட்டி ஃபில்டரின் மூடித் துளைகளில் உணவுத் துகள் ஒன்றை விட்டுப் பாருங்கள். துள்ளி உள்ளே இழுபடாமல், தயங்கித் தயங்கி இறங்கும். ஒரு மீன்குஞ்சு எதிர்த்து நீந்தித் தப்ப அந்தத் தயக்கம் போதும்.

மோட்டார் இல்லாமல் தண்ணீர் எப்படி ஏறுகிறது? நடுக்குழாயின் அடியில் காற்று குமிழியாக வெளிவருகிறது. குமிழியும் நீரும் கலந்த கலவை வெளியில் நிற்கும் நீரைவிட எடை குறைந்தது. ஆகவே வெளிநீரின் அழுத்தம் அதை மேலே தள்ளுகிறது. மேலே போனதற்கு ஈடாக மூடித் துளைகள் வழியே புதுநீர் இறங்கி, பஞ்சைக் கடந்து, அடித்தட்டின் கீழே வந்து குழாய்க்குள் நுழைகிறது. இந்த உத்தி சுரங்கங்களிலிருந்து வந்தது; 1797-இல் ஜெர்மானியச் சுரங்கப் பொறியாளர் கார்ல் லோஷர் இதை வடிவமைத்தார். இதைக் கண்ணால் தொடர்ந்து பார்ப்பதுதான் ரசனையின் முதல் படி. வெறும் டியூபிலிருந்து வரும் குமிழிகள் பெரிதாக, ‘குளுக் குளுக்’ என்று விட்டுவிட்டு ஏறும். பெரிய குமிழி நீரை விலக்கிக்கொண்டு தான்மட்டும் விரைந்து மேலே போய்விடும். டியூபின் நுனியில் ஒரு சிறு ஏர் ஸ்டோனைப் பொருத்திக் குழாய்க்குள் இறக்கினால் அதே காற்று பொடிக் குமிழிகளாகப் பிரிந்து, நீரைப் பிடித்துக்கொண்டு ஏறும். சத்தம் தணிகிறது, ஓட்டம் சீராகிறது. நடுக்குழாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை நீட்டினால் தூக்கும் திறனும் கூடும். பம்பை மாற்றாமலே செய்யக்கூடிய மேம்பாடுகளில் இவை இரண்டும்தான் முதலில் செய்யவேண்டியவை.

ஆனால் ஃபில்டரின் உயிர் இருப்பது ஓட்டத்தில் அல்ல, பஞ்சுக்குள். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அங்கே படலமாகப் படிந்து வாழ்கின்றன. 1890-ஐ ஒட்டி நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி மண்ணிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டினார். அதன்பின் வந்த இரண்டு பெரிய கண்டுபிடிப்புகள் மீன் வளர்ப்போடு தொடர்புடையவை என்பது நம் போன்றவர்கள் அறிந்து மகிழவேண்டிய செய்தி. அம்மோனியாவை உண்டு வாழும் ஆர்க்கியா என்ற தொன்மையான நுண்ணுயிரை முதன்முதலாகத் தனியே வளர்த்துக் காட்டியது 2005-இல். அது கிடைத்த இடம் சியாட்டில் மீன்காட்சியகத்தின் ஒரு தொட்டி. அம்மோனியா முதல் நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகச் செய்யும் நைட்ரோஸ்பைரா வகை நுண்ணுயிர்கள் 2015-இல் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒரு குழுவின் மாதிரி, மீன் வளர்ப்புத் தொட்டிகளின் ஃபில்டரிலிருந்து எடுத்தது. இந்த உயிர்களுக்குத் தேவை மூச்சுக்காற்று. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறத்தாழ 4.5 கிராம் ஆக்சிஜன் செலவாகும். நீரோ சூடானால் ஆக்சிஜனைக் குறைவாகவே தாங்கும்: 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல், 30 டிகிரியில் 7.5 அளவுதான். கழக்கூட்டத்து வெப்பத்தில் இந்த ஃபில்டருக்குக் குளிர்நாட்டைவிட மதிப்பு கூடுவது இதனால்தான். நீரை நகர்த்தும் அதே காற்று மேற்பரப்பைக் கலக்கி ஆக்சிஜனையும் சேர்க்கிறது.

பெட்டி என்ற வடிவம் இங்கேதான் கைகொடுக்கிறது. ஸ்பாஞ்ச் ஃபில்டரும் காற்றில்தான் ஓடுகிறது, சுத்தம் செய்வது இன்னும் எளிது, பிறகு பெட்டி எதற்கு என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். ஸ்பாஞ்சுக்குள் ஸ்பாஞ்ச் மட்டுமே இருக்கும். பெட்டிக்குள் உங்கள் தண்ணீருக்கு ஏற்றதை வைக்கலாம். கேரளத்துக் கிணற்றுநீர் பெரும்பாலும் வெட்டுக்கல் மண்ணில் ஊறி வருவது; மென்மையானது, அமிலத்தின் பக்கம் சாய்ந்தது. நுண்ணுயிர்களின் வேலையே மேலும் அமிலத்தை உண்டாக்குகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 7 கிராம் சுண்ணாம்புக்கல் அளவுக்கு நீரின் காரத்தன்மை கரைந்துபோகும். அது தீர்ந்ததும் பிஎச் சரிந்து, 6.5-க்குக் கீழே நுண்ணுயிர்கள் தளர்ந்துவிடும். மாதங்களாக நன்றாக ஓடிய தொட்டி திடீரென்று கெடும்போது, பலர் ஃபில்டரைக் குறை சொல்வார்கள். காரணம் பெரும்பாலும் இதுதான். மருந்து காயலோரத்திலேயே கிடைக்கிறது: நன்றாகக் கழுவி நொறுக்கிய கிளிஞ்சல் ஒரு பிடி, பெட்டியின் அடியில். நீர் அமிலமாக இருக்கும்வரை அது கரையும், அமிலம் அடங்கியதும் கரைவதும் மெதுவாகும். பெட்டி மிதக்காமல் இருக்கக் கூழாங்கல் போடுவார்களே, அந்த எடையாகவும் இது உதவும். உவர்நீரில் பழகிய பள்ளத்திக்கு இது பிடித்தமானது. அமிலநீர் மீன்களின் தொட்டிக்கு வேண்டாம்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பிஎச் கூடக்கூட அம்மோனியாவின் நச்சு வடிவமும் கூடும். 30 டிகிரியில், பிஎச் 7-இல் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. பிஎச் 8-இல் 7 சதவீதத்துக்கு மேல். ஆகவே ஃபில்டர் பழகி, அம்மோனியா சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகுதான் கிளிஞ்சல் போடவேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. அதன்மேல் செராமிக் வளையமோ கரடுமுரடான ஸ்பாஞ்சோ ஓர் அடுக்கு. அது நுண்ணுயிர்களின் வீடு, அதைத் தொந்தரவு செய்யக்கூடாது. மேலே மெல்லிய பஞ்சு. அழுக்கைத் தாங்குவது இதுதான், பழுப்பேறிக் கனத்ததும் இதைமட்டும் மாற்றினால் போதும். பஞ்சை இறுக்கி அடைப்பது பொதுவான தவறு: நீர் அதைச் சுற்றிக்கொண்டு போகும், உள்ளே ஆக்சிஜன் எட்டாது. வளையத்தையும் ஸ்பாஞ்சையும் அலச வேண்டியிருந்தால் தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசுங்கள். அருவிக்கரை அணையிலிருந்து குழாயில் வரும் நீரில் குளோரின் உண்டு. பல வாரங்களாக வளர்ந்த படலத்தை அது சிதைக்கக்கூடும். தொட்டால் வழுக்கும் அந்தப் படலத்தை அழுக்கு என்று நினைத்துச் சொரசொரவென்று தேய்த்துக் கழுவுகிறவர், ஃபில்டரை முதல் நாளுக்குத் திருப்பி அனுப்புகிறார்.

மோட்டார் ஃபில்டர் நீரைப் பளிங்கு போல ஆக்குகிறதே, இது ஆக்குவதில்லையே என்பது வலுவான மறுப்பு. உண்மைதான், மிதக்கும் பொடித் தூசியைப் பிடிப்பதில் இது பின்தங்கியதே, பெரிய மீன்கள் நெருக்கமாக இருக்கும் தொட்டிக்கு இது போதவும் போதாது. ஆனால் தெளிவான நீர் நல்ல நீர் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. அறுபது, எழுபது லிட்டர் தொட்டியில் ஒரு ஜோடி பள்ளத்தி வைத்திருப்பவருக்கு, தெளிவைவிடச் சோதனைக் குப்பியின் நிறமே சரியான அளவுகோல்.

மின்வெட்டு வந்தால் இதுவும் நின்றுவிடுமே என்ற மறுப்பு இந்த ஊரில் இன்னும் நெருக்கமானது. மழைக்காலத்தில் தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் சில மணிநேரம் மின்சாரம் போய்விடும். அப்போது மூடிய கேனிஸ்டர் வகை மோட்டார் ஃபில்டருக்குள் சிக்கிய நீரின் ஆக்சிஜன் தீர்ந்து உள்ளிருக்கும் உயிர்கள் மூச்சுமுட்டும்; மின்சாரம் வந்ததும் கெட்ட நீர் தொட்டிக்குள் கொட்டும். பெட்டி ஃபில்டர் தொட்டிக்குள்ளேயே திறந்து கிடப்பதால் பாதிப்பு மெதுவாகத்தான் வரும். தவிர, சில வாட் மட்டுமே எடுக்கும் ஏர் பம்பை வீட்டு இன்வெர்ட்டர் வெகுநேரம் தாங்கும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைப்பதும், டியூபில் ஒரு செக் வால்வு போடுவதும் கட்டாயம். இல்லையென்றால் பம்ப் நின்றதும் தண்ணீர் டியூப் வழியே பின்னோக்கி வழிந்து பம்புக்குள் போகும், தரையும் நனையும். பம்பின் இரைச்சலுக்கு, அதை அலமாரிப் பலகையில் நேரடியாக வைக்காமல் தடித்த ஸ்பாஞ்ச் துண்டின்மேல் வைத்தாலே பெரும்பகுதி அடங்கும். மீதி குறைய, டியூபில் ஒரு டி-வால்வு போட்டு மிகுதிக் காற்றை இன்னொரு ஏர் ஸ்டோனுக்குத் திருப்பிவிடலாம்.