தபால் முத்திரையும் தளபதிகளும்

கிழிந்த பத்திரிகை, பழைய பற்றுச்சீட்டு, பஸ் ரிக்கற் முதலியவற்றை ஒட்டித் தபாலில் அனுப்புவதும் ஒரு கலையா என ஏளனஞ் செய்வோர் நம்மிடையே உளர். நியூயோர்க்கில் றே ஜோன்சன் 1950களில் இதனை வளர்த்தபோது நண்பர் குழாத்தின் விளையாட்டே அதில் மேலோங்கி நின்றது. அதை நாம் மறுக்கவில்லை. உருகுவே நாட்டிற் கதை வேறு. 1973 ஜூனிற் படையினரின் துணையோடு பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. மறு ஆண்டே கிளெமென்தே பாதின் மொன்ரெவிடியோவில் தபாற்கலைக் கண்காட்சியொன்றை நடத்தினார். ஒடுக்குமுறையைச் சாடும் போலி முத்திரைகளையும் ஆக்கினார். முத்திரை என்பது அரசு தன் முகத்தைத் தானே அச்சிட்டு விற்கும் துண்டுக் கடதாசியன்றோ? அம்முகத்தின் மெய்யுருவை அதே அளவிற் காட்டியமையே பாதினின் கலைத்திறன். இராணுவத்தின் கண்ணியத்துக்கு இழுக்குச் செய்தாராம்! 1977இல் அவரும் தோழர் ஹோர்ஹே கரபாயோவும் சிறையிடப்பட்டனர்.

வந்தவற்றையெல்லாம் தேர்வின்றிக் காட்சிக்கு வைக்கும் மரபினால் இத்துறையிற் பதரும் மிகுதி. அதைச் சுட்ட நாம் தயங்கோம். ஆயினும், பாதினை விடுவிக்கக் கோரிப் பல நாடுகளிலிருந்தும் கடிதம் எழுதியோர், அவரோடு இத்தகைய ஒட்டுத்துண்டுகளைப் பரிமாறி வந்த கலைஞர்களே. 1979இல் அவர் வெளிவந்தார்.