பேரும் அரைப்பேரும்: ஊவாத் தோட்டத் தமிழில் எண்ணும் அளவும்

மலையகத் தமிழைப் பற்றிய குறிப்புகள் பலவும் சொற்பட்டியலோடு அமைந்துவிடுகின்றன. லயம், காம்பரா, பெரட்டு, கங்காணி என்பவற்றுக்குப் பொருள் கூறியதும் ஆய்வு முற்றுப்பெற்றதாகக் கருதப்படுகின்றது. பதுளை, பசறை, அப்புத்தளை, மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களில் எண்ணும் அளவும் வழங்குமாற்றை நோக்குமிடத்து இப்போக்கின் குறைபாடு தெளிவாகப் புலனாகும்.

எண்ணுப்பெயர் முன்வரின், பின்வரும் பெயர் பன்மையை மீண்டும் காட்டவேண்டுவதில்லை என்பது தமிழின் பழைய இயல்பு. அஃறிணைப் பெயரோடு 'கள்' சேர்தலைத் தொல்காப்பியம் கட்டாயமாக்கவில்லை. ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாய் நிற்பனவற்றை நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்னும். எனவே 'இரண்டு நிரை', 'பத்துக் கிலோ' என்பன கொச்சையல்ல, மரபேயாம். தமிழோடு உறவு நிறுவப்படாத ஹங்கேரிய மொழியிலும் இந்நிலை உண்டு. வீட்டைக் குறிக்கும் 'ஹாஸ்' பன்மையில் 'ஹாசொக்' ஆகும்; ஆயின் இரண்டு வீடு என்பதற்குக் 'கேட் ஹாஸ்' என ஒருமை வடிவமே வரும்.

அளவுப்பெயர்க்கும் நிறைப்பெயர்க்கும் முதலாகும் எழுத்துகள் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என ஒன்பது எனத் தொல்காப்பியம் வரையறுக்கும். பின்வந்த கிலோ, அந்தர், புசல் ஆகியன இவ்வரம்பினுள் அடங்குகின்றன. இறாத்தலும் லீற்றரும் அடங்கவில்லை. வாணிகமும் ஆட்சியும் மாறுங்கால் அளவைச் சொற்கள் இலக்கண வரம்பையும் கடந்து வருமென்பதற்கு இது சான்று.

எனினும், எம் கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பது 'பேர்' என்னும் சொல்லாகும். பெயர் என்பதன் திரிபாகிய இது, 'பத்துப் பேர் வந்தார்கள்' என மக்களை எண்ணப் பொதுத்தமிழிற் பயன்படுவது. தோட்டத்திலோ இது ஒருநாள் வேலையின் அலகுமாகும். வேலைப் பதிவேட்டிற் பெயர் பதியப்படுதலே இப்பொருளுக்கு அடிப்படை எனக் கொள்ளுதல் பொருந்தும். ஒரு தொழிலாளி தமது மாத வேலைநாளைக் கூறுமிடத்து 'எனக்கு இருபது பேர் இருக்கிறது' என்பார். முன்னைய தொடரில் உயர்திணைப் பலர்பால் முடிபு; பின்னையதில் அஃறிணை ஒருமை முடிபு. சொல் ஒன்றே, திணை மாறிவிடுகின்றது.

இம்மாற்றத்தின் உச்சம் 'அரைப்பேர்' ஆகும். மக்களை எண்ணும் 'பேர்' பின்னத்தை ஏலாது. அரை மனிதர் எவருமிலர். வேலையை எண்ணும் 'பேர்' அதனை ஏற்கும். நிர்ணயித்த கிலோ நிறையாதவிடத்து நாள்முழுதும் மலையில் நின்றவருக்கும் அரைப்பேரே பதியப்படுவதுண்டு. 2021ஆம் ஆண்டு நாட்சம்பளம் 1000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டதன் பின்னர், பறிக்கவேண்டிய கிலோ உயர்த்தப்பட்டதெனத் தொழிலாளர் முறையிட்டனர். ஒரு பேர் எத்தனை கிலோ என்பதே அவ்வழக்கின் சாரமாகும்.

இச்சொல்லை அகராதியில் 'அரைநாட் சம்பளம்' என ஒருவரியிற் பொருள்கூறி விடுத்தல் போதாது. அவ்வாறு செய்வோர் சொல்லைப் பதிந்து, அதனுள் நிகழ்ந்த திணைமாற்றத்தைத் தவறவிடுகின்றனர். உழைப்பவரின் பெயரே உழைப்பின் அளவையாகிய வரலாற்றை இலக்கண முடிபு காத்துவைத்துள்ளது. மலையகத் தமிழாய்வு சொற்பட்டியலினின்று தொடரிலக்கணத்திற்குச் செல்லவேண்டுமென நாம் வற்புறுத்துவது இதுபற்றியே.