செக்குக்கு முன்னால் ஒரு வக்கீல்

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை அடிவாரத்தில் யாரிடம் வேண்டுமானாலும் வ.உ.சி. யார் என்று கேட்டுப்பாருங்கள். ‘கப்பல் விட்டாரு, செக்கிழுத்தாரு’ என்பார்கள். 1961-ல் சிவாஜி நடித்த படம் அந்த இரண்டு காட்சிகளையும் நம் மண்டையில் ஆணியடித்துவிட்டது. அவருடைய சுயசரிதையை வாசித்தபோது எனக்குத் தென்பட்டது வேறொரு ஆள்: விடாப்பிடியான ஒரு கிரிமினல் வக்கீல்.

அகவலில் எழுதிய சுயசரிதை அது. அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 1946-ல்தான் அச்சேறியது. ‘செய்யுளா?’ என்று மூடி வைத்துவிடாதீர்கள். அகவல் இங்கே சாட்சி வாக்குமூலம் மாதிரி ஓடுகிறது. யார் வந்தார், என்ன சொன்னார், நான் என்ன பதில் சொன்னேன். உவமை குறைவு. சில இடங்களில் அசைக்காக வார்த்தையை இழுத்துக் கட்டியிருக்கிறார், அதை மறைக்க முடியாது. ஆனால் சிறை அதிகாரிகளோடு அவர் வாதாடும் இடங்களில் யாப்பு இருப்பதே மறந்துபோகிறது. கையில் விலங்கு இருந்தாலும் குறுக்கு விசாரணை நிற்கவில்லை!

எனக்குப் பிடித்த பகுதி அரசியலே இல்லை. கண்பார்வையற்ற ராமையா தேசிகரை வீட்டில் வைத்துச் சோறு போடுகிறார்கள். சாதியைச் சொல்லி ஊர் முணுமுணுக்கிறது. முதல் மனைவி வள்ளியம்மை அசையவில்லை. புத்தகத்திலேயே தைரியமான ஆள் அந்த அம்மாதான் என்பேன். அவருக்கு இன்னும் பத்துப் பக்கம் தந்திருக்கலாம்.

1908 ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீடுகளில் அது குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலை. அத்தோடு சரிதையும் நின்றுவிடுகிறது. என் பெரிய மனக்குறை இதுதான். சன்னது பறிபோன வக்கீல் சென்னையில் கடை வைத்து நொடித்ததும், கடன் கேட்டுக் கடிதம் எழுதியதும் இதில் கிடையாது. வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி உதவி, சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார். வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகக் கப்பல் விட்ட மனுஷன், அந்தப் பேரைச் சொல்லித் தினமும் பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறார். அதை அவர் அகவலில் எப்படி எழுதியிருப்பார்?