மல்லனின் கால்கள்

மல்யுத்தம் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தோளையும் புயத்தையும்தான் பார்க்கிறார்கள். ஆட்டத்தின் அழகோ இடுப்புக்குக் கீழே இருக்கிறது. கொழும்புக் கொச்சிக்கடையில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. துறைமுகத்துக்கும் புறக்கோட்டைக்கும் நடுவே மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரைத் தினமும் காண்கிறோம். முழங்காலை மடக்கி, இடுப்பை இறக்கி, முதுகைக் கொடுத்த பிறகே நிமிர்கிறார்கள். மல்லனும் அப்படித்தான் தூக்குகிறான். என்ன, அவன் தூக்கும் மூட்டை அவனைத் திருப்பிப் பிடிக்கும்.

ஒற்றைக் காலைப் பறிக்கும் பாய்ச்சலைக் கவனியுங்கள். முன்பாதம் எதிராளியின் இரு பாதங்களுக்கு நடுவே இறங்குகிறது. முழங்கால் மெத்தையைத் தொட்டும் தொடாமலும் சறுக்குகிறது. நெற்றி அவன் விலாவோடு ஒட்டுகிறது. தலை சற்றுத் தாழ்ந்தாலும் கழுத்து அகப்பட்டுவிடும். எதிராளி இரு கால்களையும் பின்னே எறிந்து, தன் இடுப்பின் பாரம் முழுவதையும் வந்தவன் தோள்மேல் போடுகிறான். பாய்ச்சலும் பதிலும் ஒரே மூச்சில் முடிகின்றன. சுயபாணி (freestyle) மல்யுத்தத்தில் 10 புள்ளி முன்னிலை கிடைத்தால் ஆட்டம் அதோடு நிற்கும். 2022 பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில், 57 கிலோ பிரிவில், இலங்கையின் நெத்மி பொருத்தொட்டகே 10-0 என்று அப்படித்தான் வெண்கலம் வென்றார்.

தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவை முன்பே பேசிவைப்பார்கள் என்பது ஊரறிந்தது. அங்கே ரசிக்க வேண்டியது விழும் கலை. விழுபவன் முகவாயை நெஞ்சோடு சேர்க்கிறான். மேல்முதுகைப் பரப்பி இறங்குகிறான். இரு உள்ளங்கைகளாலும் தரையை அறைந்து அடியைப் பங்கிடுகிறான். எறிபவனுடைய கை கடைசிவரை அவனைத் தாங்கியே வருகிறது. அமெரிக்க மேடையில் பிடிகள் பெரும்பாலும் இடப்பக்கம், மெக்சிக்கோவில் வலப்பக்கம். இந்த வழக்கம் கைக்குப் பழகியிருப்பதால், முன்பின் அறியாத இருவர்கூட ஒருவர் உடலை மற்றவரிடம் நம்பி ஒப்படைக்க முடிகிறது.

அந்த அமெரிக்க மேடையின் மல்லர்களில் ஒருவர், மிசூரி மாநிலத்துச் சென்ட் லூயிசில் வளர்ந்த லூ தெஸ். அவருக்கு முதலில் பிடி சொல்லிக் கொடுத்தவர் செருப்புத் தைக்கும் அவரது தந்தை. 1968 மே 29ஆம் திகதி பம்பாயில், 52 வயதில், பஞ்சாபின் தாரா சிங்கை எதிர்கொண்டார். உலகப் பட்டம் அன்று தாரா சிங்குக்குப் போனது. மிசூரியின் மெத்தையும் பஞ்சாபின் மண் கோதாவும் ஒரே மேடையில் கைகோத்த நாள் என்பதே எனக்கு அதன் பெருமை.

கால் பார்க்கும் இந்தக் கண் தமிழுக்குப் புதிதல்ல. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் புறநானூற்றின் 80ஆம் பாட்டில் பாடினார். புயவலிமையைப் புகழ்ந்து நிறுத்திவிடாமல், ஒரு கால் மார்பில் ஊன்றியதையும், மறு கால் மல்லனின் எதிர்முயற்சியைத் தடுத்ததையும் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறார். பக்கத்தில் நின்று பார்த்தவருக்கே வாய்க்கும் நுணுக்கம் அது. அத்தோடு, மகனோடு மனம் ஒவ்வாதிருந்த தந்தை தித்தனும் இதைக் காண வேண்டும் என்று ஆசைப்படுகிறார். மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, கண்டால் போதும் என்கிறார். நயம் கண்டவருக்குத் தனியே ரசித்துத் தீராது. உறவு முறிந்தவரையும் கூப்பிடத் தோன்றும். அடுத்த முறை தொலைக்காட்சியில் மல்யுத்தம் ஓடும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி, கால்களைக் காட்டுங்கள்.