மிதிவண்டியும் உரிமைச் சாசனமும்

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தைக் கூலிப் போராட்டம் என்றே பலரும் எழுதி வந்துள்ளனர். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி வேண்டும் என்பது அதன் முதன்மைக் கோரிக்கையாதலின் அவ்வாறு எழுதியதில் பெரும்பிழை இல்லை. ஆயின், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழி முன்வைக்கப்பட்ட கோரிக்கைகள் பன்னிரண்டு. அவற்றை முழுமையாகப் படித்தோர் அதனை வெறும் கூலிப்பட்டியல் என்று ஒதுக்கிவிட மாட்டார்.

பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், கொடுமை இழைக்கும் தோட்டப் பணியாளரை நீக்குதல், பெண்களைத் தொல்லைப்படுத்துவதற்கு முடிவு, உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து செல்லுதல் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. இவற்றினிடையே துரைமாரின் எதிரில் மிதிவண்டியில் ஏறிச் செல்ல அனுமதி வேண்டும் என்ற வரியும் நிற்கிறது. பேச்சுரிமையும் கூட்டங்கூடும் உரிமையும் கேட்கும் ஓர் ஆவணத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று நகைப்போர் உண்டு. அவர்கள் தோட்டத்தை அறியாதவர்கள். துரையையோ கிராணியையோ கண்டவுடன் வண்டியைவிட்டு இறங்கி நிற்க வேண்டியவனுக்கு உயர்ந்த கூலி மட்டும் என்ன மதிப்பைத் தந்துவிடும்? பட்டியலின் உயிர்நிலை இவ்வரியிலேயே உள்ளது.

குறைகளை வரிசைப்படுத்தி ஆட்சியாளரைக் குற்றஞ்சாட்டும் எழுத்துக்கு உலகறிந்த சான்று 1776இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம். அதுவும் பெரும்பகுதி ஒரு பட்டியலே. ஆயினும் பட்டியலுக்கு முன்னே மனிதர் அனைவரும் சமமானவர் என்ற கொள்கையை ஜெஃபர்சன் நிறுவிவிடுகிறார். கிள்ளான் பட்டியலுக்கு அத்தகைய முகப்பு இல்லை. இன்று வரலாற்று நூல்களில் ஆங்கிலத்தில் காணப்படும் அதன் வடிவத்தில் 'அனுமதி' என்ற சொல் இடம்பெறுகிறது. உரிமையைக் கேட்கும்போதும் இரப்பவரின் இலக்கணம் விடவில்லை. இது ஒரு குறையே. எனினும், குறையை எடுத்துரைப்போரைப் பழிவாங்கலாகாது, தொழிலாளர் தமக்கெனச் சங்கம் அமைக்க வேண்டும் என்னும் இடங்களில் அக்குரல் நிமிர்கிறது.

பிரகடனத்தின் கொள்கைக்கும் அந்நாட்டு நடப்புக்கும் இடையே இருந்த பிளவையும் மறத்தலாகாது. அடிமை வாணிகத்தைக் கண்டித்து ஜெஃபர்சன் எழுதிய பகுதியைப் பேராயம் நீக்கிவிட்டது. 1790இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம் வெள்ளையரல்லாத குடியேறிகளுக்குக் கதவை அடைத்தது. பேச்சுரிமையை 1791இல் சாசனத்தில் பொறித்த குடியரசே, 1798இல் அரசைக் கடிந்து எழுதிய பத்திரிகையாளரைச் சிறையிலிட்டது. மேத்யூ லயன் என்ற பேராய உறுப்பினர் சிறையிலிருந்தபடியே மீண்டும் தேர்தலில் வென்றார் என்பது சுவையான செய்தி. அதே ஆண்டில், ஆபத்தானவர் எனத் தாம் கருதும் அயலாரை நாடு கடத்தக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் தந்த சட்டமும் பிறந்தது. அதன்கீழ் எவரும் வெளியேற்றப்படாமலே 1800இல் அது காலாவதியாயிற்று.

கிள்ளானில் அவ்வாறு நிகழவில்லை. தமிழ் நேசன் ஆசிரியர் குழுவில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் போராட்டத்தின் முன்னணியில் நின்றார். 1941 மே 5ஆம் நாள் அவர் கைதானார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கைதைக் கண்டித்துத் தோட்டங்கள் மீண்டும் வேலையை நிறுத்தின. படை வரவழைக்கப்பட்டது, மே 16ஆம் நாள் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. கூலிக்காக முதலில் எழுந்த கிளர்ச்சியோடு சமரசம் பேச முடிந்த ஆட்சி, தலைவனை மீட்க எழுந்த கூட்டத்தைச் சகிக்கவில்லை என்பதிலேயே பட்டியலின் எந்தப் பகுதி அவர்களை அச்சுறுத்தியது என்பது விளங்கும்.

பெண்களைப் பற்றிய கோரிக்கையில் வேறொரு குறை உண்டு. ஆடவருடன் பால் மரம் வெட்டிய அவர்கள் அங்கே காக்கப்பட வேண்டியவர்களாக வருகின்றனரேயன்றிக் கூலி கேட்பவர்களாக வரவில்லை.

பேச்சு, கூட்டம், சங்கம் என்று கிள்ளான் தொழிலாளர் கேட்ட மூன்றும் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் 1957ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் பிரிவில் ஒருங்கே இடம்பெற்றன. நாடாளுமன்றம் கட்டுப்படுத்தலாம் என்ற நிபந்தனை அவற்றோடு சேர்ந்தே வந்தது. அவை குடிமக்களுக்கே உரியவை என்றும் அப்பிரிவு வரையறுத்தது. அந்நாளில் தோட்டத்துத் தமிழருள் பலர் குடியுரிமைக்கு இனிமேல்தான் மனு எழுத வேண்டியிருந்தது.